மூக்கு ராவ் சுத்தம் என்று சொன்ன டேங்க்

எர்ணாவூரில் அத்தாவுல்லா பாயின் பழைய இரும்பு யார்டுக்குப் போய்ப் பீம்ராவ் எங்கே என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். மூக்கு எங்கே என்று கேட்டால் வாட்ச்மேன் முதல் டீக்காரர் வரை கை காட்டுவார்கள். பதினெட்டு வருஷமாக அந்த யார்டில் அவனுக்கு அதுதான் பெயர், அதுதான் வேலை, அதுதான் மரியாதை.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்தவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பெயரைப் பெரிதாக வைத்துவிட்டு, பையன் வக்கீலாவான் என்று காத்திருந்தார். பையன் எட்டாவதோடு புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டு, பதினேழு வயதில் மணலிப் பக்கம் ரசாயன டேங்குகளுக்குள் இறங்கிச் சுரண்டும் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான். வக்கீல் படிப்பு படிக்காதவனுக்கு அந்த டேங்குகள் வேறொரு படிப்பைக் கொடுத்தன. பாமாயில் நின்ற டேங்க், ஃபீனால் நின்ற டேங்க், சர்க்கரைப் பாகு நின்ற டேங்க் என்று இருட்டிலேயே பிரித்துச் சொல்லும் மூக்கு அவனுக்கு வாய்த்தது.

பாய் அதைக் கண்டுகொண்டார். தின்னும் பொருள், குடிக்கும் பொருள் செய்கிறவர்கள் புது டேங்க் வாங்க வக்கில்லாமல் பழைய எவர்சில்வர் டேங்க் தேடி எங்கெங்கிருந்தோ அவரிடம் வருவார்கள். டேங்குக்குப் பூர்வாசிரமத்தில் என்ன வேலை என்று தெரியாமல் அதில் ஊறுகாயோ சர்பத்தோ போட முடியாது. புரோக்கர் சொல்வதை நம்பினால் எல்லா டேங்கும் பால் டேங்க்தான். ஆகவே பீம்ராவ் ஒரு முறை வைத்திருந்தான். டேங்குக்குள் நாலு குடம் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடியை இறுக்கி ஒரு மணி நேரம் விடுவான். பிறகு மூடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆவிக்குள் முகத்தைக் கொடுத்து மூன்று மூச்சு இழுப்பான். நிமிர்ந்து 'சுத்தம்' என்றால் பேரம் தொடங்கும். தலையை ஆட்டினால் டேங்க் பழைய இரும்பாக வெட்டுக்குப் போகும். அந்த மூன்று மூச்சு முடிகிறவரை யார்டில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், பாய் உட்பட.

அந்த மூக்கு 2009 ஜனவரியில் செத்துப்போனது. காசிமேட்டுப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு ஐஸ் ஃபேக்டரியைப் பிரிக்கப் போயிருந்தார்கள். காலி என்று சொன்ன குழாயில் அம்மோனியா மிச்சமிருந்தது. ஸ்பேனரைத் திருகியதும் முகத்தில் அறைந்தது. கண் பிழைத்தது, தொண்டை பிழைத்தது. பத்து நாள் கழித்து அவன் பெண்சாதி கார்குழலி கருவாட்டுக் குழம்பு வைத்துத் தட்டில் ஊற்றியபோது அவன், "இன்னாத்த வச்ச?" என்று கேட்டான். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர், வந்தால் வரும், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா என்று பீம்ராவுக்கு ஆத்திரமாக வந்தது.

பாயிடம் சொல்லவில்லை. சொன்னால் மூக்கு என்ற பெயர் போய்விடும். கேஸ் நெருப்பில் இரும்பை வெட்டும் கட்டிங் வேலையில் குனிந்து நிற்கிற பத்துப் பேரோடு பதினோராவது ஆளாகிவிடுவான். நாற்பத்தெட்டு வயதில் அது அவனுக்கு ஜெயிலுக்குப் போவதைவிடக் கேவலமாகத் தோன்றியது.

வழி கண்டுபிடித்தவள் கார்குழலிதான். எர்ணாவூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் சத்துணவு சமைக்கிறவள். நூற்றறுபது பிள்ளைகளுக்குப் பொங்கும் சாதத்தில் அடி பிடிக்கப்போவதைச் சுவருக்கு அந்தப்பக்கம் நின்றே சொல்லிவிடுவாள். டேங்கின் மூடி ரப்பரையும் அடிவால்வையும் சுடுதண்ணீரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்து, துணியைப் பிளாஸ்டிக் கவரில் முடிந்து கொண்டுவரச் சொன்னாள். எவர்சில்வர் வாசனையை விட்டுவிடும், ரப்பர் விடாது. பீம்ராவ் யார்டில் எப்போதும்போல் மூன்று மூச்சு இழுப்பான், நெற்றியைச் சுருக்குவான், நாளைக்குச் சொல்கிறேன் என்பான். வீட்டில் அவள் கவரைப் பிரித்து முகர்ந்து சொல்வாள். மறுநாள் அவன் தீர்ப்புச் சொல்வான். மூக்குக்கு வயசாக ஆக நிதானம் கூடிவிட்டது என்று யார்டில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். ஆறு மாதம் இப்படியே ஓடியது.

ஜூலையில் சுப்புராஜ் வந்தான். திருவொற்றியூர்ப் பையன், இன்ஜினியர், டெல்லிக்குப் பக்கத்தில் வேலை. அங்கே ஹோட்டலோடு சேர்த்துச் சின்னதாக பீர் காய்ச்சி அங்கேயே விற்க அனுமதி கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். இவனும் மூன்று தோஸ்துகளும் வேலையை விட்டுவிட்டு அதில் இறங்கியிருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து சாமான் இறக்கினால் நாலு பேரின் வீட்டையும் விற்க வேண்டும். அதனால் சொந்த ஊர் யார்டுக்கே வந்துவிட்டான்.

அவன் கையில் ஒரு பட்டியல் இருந்தது. தானியத்தைக் காய்ச்ச ஒரு பாத்திரம், நொதிக்க விட இரண்டு டேங்க், குழாய், பம்ப். காய்ச்சும் பாத்திரம் முதல் நாளே கிடைத்துவிட்டது. நொதிக்கும் டேங்க்தான் தகராறு. சுற்றிலும் குளிர்தண்ணீர் ஓட இரட்டைச் சுவர் வேண்டும். அடியில் கூம்பு இருந்தால் ஈஸ்ட் இறங்கிப் படியும், எடுப்பது சுலபம். யார்டு ஆட்களுக்கு இதெல்லாம் ஒரே வார்த்தைதான். கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள் சொல்வதுபோல் அவர்கள் ஊறல் டேங்க் என்றார்கள்.

"ஊறல்னு சொல்லாதீங்கண்ணா, லைசன்ஸ் வாங்கிக் கீறோம்" என்று சுப்புராஜ் கெஞ்சினான். அதற்குப் பிறகு அவர்கள் அதை லைசன்ஸ் ஊறல் என்றார்கள்.

பாய் குடிக்காதவர், ஐந்து வேளை தொழுகிறவர். அவர் விற்பது இரும்பு, அதில் இன்னது ஊற்று என்று அவர் சொல்லித்தர முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் ஒரு விஷயத்தில் கறார். வாயில் போகிற சாமான் எதுவானாலும் மூக்கு சொல்லாமல் யார்டு கேட்டைத் தாண்டாது.

யார்டில் இரட்டைச் சுவர் டேங்குகள் இரண்டு வகை இருந்தன. ஒன்று, ஒரு பால் பண்ணையிலிருந்து வந்த ஜோடி. நசுங்கி, மூலையில் துருத்திக்கொண்டு, அடி தட்டையாக, பார்க்கவே பேஜாராக இருந்தது. இன்னொன்று, அந்த வாரம்தான் ஒரு புரோக்கர் இறக்கிய ஜோடி. அடியில் அழகான கூம்பு, உள்ளே முகம் பார்க்கலாம்போல் பாலிஷ். அதுவும் பால் டேங்க்தான் என்று புரோக்கர் சொல்லியிருந்தான். சுப்புராஜ் கூம்பு டேங்கைச் சுற்றிச் சுற்றி வந்து தடவினான். மாதவரத்திலிருந்து வடக்கே போகும் லாரியில் இடம் பிடித்திருந்தான், மத்தியானம் இரண்டு மணிக்குள் அங்கே ஏற்றியாக வேண்டும்.

பீம்ராவ் பன்னிரண்டரைக்குச் சுடுதண்ணீர் ஊற்றினான். நாளைக்குச் சொல்கிறேன் என்றான். சுப்புராஜ் லாரியைச் சொன்னான். ஒரு மணி நேரமாவது விட வேண்டும் என்றான் பீம்ராவ். சுப்புராஜ் கடிகாரத்தைக் காட்டினான். பாய் சிரித்துக்கொண்டே, "இன்னா ராவு, முன்னல்லாம் மூடிய தொறக்கசொல்லவே சொல்லிடுவ. பத்து நிமிசம் போதும், பாரு" என்றார்.

பீம்ராவ் ஏணியில் ஏறினான். கீழே கட்டிங் ஆட்கள் நெருப்பை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். மூடியைத் திறந்தான். ஆவி சுட்டது. கண்ணை மூடி முதல் மூச்சை இழுத்தான். ஒன்றுமில்லை. இரண்டாவது. வெறும் சூடு. வராத வாசனையை அவன் அந்த நேரத்தில் கும்பிட்டுக் கேட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது மூச்சும் வந்து போனது. கையிலிருந்த துணியால் பழக்கதோஷத்தில் ரப்பரைத் துடைத்துக்கொண்டே, கீழே காத்திருக்கிற முகங்களைப் பார்த்தான். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பால் டேங்க் என்றுதானே சொன்னார்கள், என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தான்.

"சுத்தம்" என்றான்.

சுப்புராஜும் குனிந்து முகர்ந்தான். புரோக்கர் கழுவிய சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது. பக்கத்தில் வேறு எவனோ செம்புக் கம்பி எடுக்கக் கேபிள் ரப்பரைக் கொளுத்திக்கொண்டிருந்தான். அந்தப் புகையில் யாருக்கு எது தெரியும். இரண்டு டேங்கையும் கயிறு கட்டி, மாதவரம் வரை கொண்டுபோக யார்டு லாரியில் ஏற்றினார்கள். வண்டியில் டிரைவரோடு சுப்புராஜும் பாயும் ஏறிக்கொண்டார்கள். லாரி கேட்டைத் தாண்டியபோது மணி ஒன்று இருபது.

பீம்ராவ் சாப்பிட உட்கார்ந்தான். சோறு இறங்கவில்லை. சட்டைப்பையில் துணியை முடிந்து வைத்த கவர் சூடாக நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. கையைக் கழுவிவிட்டு சைக்கிளை எடுத்தான். பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிஷ மிதி. பாதி வழியில் ஒரு நினைப்பு வந்தது. பால் டேங்க் நூறாவது பார்த்திருப்பான். எதற்கும் கூம்பு கிடையாது. பாலில் அடியில் படிய என்ன இருக்கிறது? இதை அவன் கண் காலையிலேயே பார்த்திருக்கிறது. யார்டில் அவனை யாரும் கண்ணைக் கேட்டதில்லை, மூக்கைத்தான் கேட்பார்கள். அவனும் கண்ணைக் கேட்காமல் விட்டுவிட்டான்.

கார்குழலி பின்பக்கம் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் கவரை நீட்டினான். கையைத் துடைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். ஒரு மணி நேரம் உடம்புச் சூட்டில் வெந்த துணி. கவரை மூக்கருகே கொண்டுபோனவள் பாதியிலேயே தூர எறிந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"மூட்டப்பூச்சி மருந்துய்யா. எங்கக்கா குடிச்சது இதான்."

அவளுக்கு இரண்டாம் தரம் முகரத் தேவையில்லை. பதினாறு வயதில் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரி வரை போனவள். புடவையில் இருந்த அந்த வாசனையை ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

இன்னும் சொல்லவில்லைதானே என்று அவள் கேட்டாள். சொல்லிவிட்டேன், வண்டி போய்விட்டது என்றான்.  அவன் போனை எடுத்து பாயின் நம்பரைத் தட்டினான். தட்டும்போதே வாயில் ஒரு பொய் தயாராகிவிட்டது. புரோக்கரை வழியில் பார்த்தேன், உண்மையைக் கக்கிவிட்டான் என்று சொல்லலாம். வண்டியும் திரும்பும், மூக்கும் பிழைக்கும். அவள் அவன் முகத்தைப் படித்துவிட்டாள். போனைப் பிடுங்கி அணைத்தாள்.

"போன்ல பேசுனா நீ கத கட்டுவ. இத்த கதயால மறச்சா அடுத்தது எவன் வூட்டு எழவோ. நேரா பூடு. மூஞ்சிய பாத்து சொல்லு."

சொல்வது சுலபம். பெயரை இழக்கப்போவது அவளா என்று அவனுக்குக் கோபம் பொங்கியது. ஆனாலும் சைக்கிளைத் திருப்பினான்.

மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகள் எப்போதும்போல் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து நின்றன. அந்த நெரிசலைச் சபிக்காத மனுஷன் வடசென்னையில் கிடையாது. அன்றைக்குப் பீம்ராவ் அது கலையக்கூடாது என்று வேண்டிக்கொண்டு மிதித்தான். லாரிகளுக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு முழ இடம். கண்ணில் மண் அப்பியது. தூரத்தில் இரண்டு கூம்புகள் வெயிலில் மின்னுவது தெரிந்தது. தெரிந்த மாத்திரத்தில் முன்னால் எங்கோ இன்ஜின்கள் உறுமின. வரிசை நகர ஆரம்பித்தது. கூம்புகளும் நகர்ந்தன. சைக்கிளைச் சாக்கடை ஓரம் போட்டுவிட்டு ஓடினான். ஒரு கிளீனர், சாவுகிராக்கி, வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா என்று கத்தினான். மூச்சு கிழிந்தது. லாரியின் பின்கதவை எட்டிப் பிடித்து, அதில் தொங்கிய இரும்புச் சங்கிலியால் படபடவென்று அடித்தான். வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. பின்னால் நின்றவனெல்லாம் ஹாரன் அடித்தான்.

பாய் எட்டிப் பார்த்தார். சுப்புராஜ் குதித்து இறங்கினான். டேங்கில் பூச்சிமருந்து இருந்தது, இறக்க வேண்டும் என்றான் பீம்ராவ். சுப்புராஜ் முகத்தில் ரத்தமில்லை. யார் சொன்னது என்று பாய் கேட்டார்.

புரோக்கர் என்ற வார்த்தை நாக்கின் நுனியில் நின்றது.

"எம் பொஞ்சாதி மோந்து பாத்து சொல்லுச்சு. எனுக்கு மூக்கு செத்து ஆறு மாசம் ஆவுது பாய்."

பாய்க்குப் புரியவில்லை. அவன் திரும்பவும் சொன்னான். ஐஸ் ஃபேக்டரி, துணி, கவர், எல்லாவற்றையும் ஹாரன் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தரங்கமாகச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம், நடுரோட்டில் பத்து டிரைவர்கள் கேட்கச் சொன்னான்.

"அப்ப மேல ஏறி கண்ண மூடிகினு சுத்தம்னு சொன்னீங்களேண்ணா, அது இன்னா?" என்று சுப்புராஜ் கேட்டான்.  "நாளைக்கு நானூறு பேரு குடிச்சிருப்பான்."

"நடிச்சேன்" என்றான் பீம்ராவ்.

பாய் லாரியிலிருந்து இறங்கி வந்தார். இந்த ஆறு மாதத்தில் எத்தனை டேங்க் போயிருக்கிறது என்று கேட்டார். பதினொன்று என்றான். அவள் சொன்னதெல்லாம் சரிதானா என்று கேட்டார். 

"எனுக்கு வாசன தெரிஞ்சா தானே பாய், அவ சொன்னது சரியா தப்பான்னு எனுக்கு தெரியும். அவ சொன்னத்த அப்பிடியே சொன்னேன். வேணாம்னு சொன்ன வேற ரெண்டையும் வெட்டுக்கு அனுப்பிட்டேன்."

வண்டி திரும்பியது. பாய் அவனை முன்னால் ஏறச் சொல்லவில்லை. பின்னால் டேங்குகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தான். யார்டு கேட்டில் இறங்கும்போது பாய் மெதுவாக, அவன் முகத்தைப் பார்க்காமல், நாளையிலிருந்து கட்டிங்குக்குப் போய்விடு என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். பதினெட்டு வருஷத்தில் அவர் அவனிடம் இவ்வளவு தணிந்த குரலில் பேசியதே இல்லை. சரி என்று தலையாட்டினான்.

கேட்டுக்குள் கார்குழலி நின்றிருந்தாள். சத்துணவுக்கூடச் சாவியைக் கொடுத்துவிட்டு நேரே வந்திருந்தாள். பாயைப் பார்த்ததும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பதினொரு டேங்கையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதில் எண்ணெய், எதில் பாகு, எதில் ஒன்றுமேயில்லை. எங்கே போனது என்பது அவளுக்குத் தெரியாது, பாய்க்குத் தெரியும். வாங்கினவர்களில் ஒருவரும் புகார் சொல்லி வரவில்லை என்பது நினைவுக்கு வர வர, ஒவ்வொன்றுக்கும் அவர் தலை அசைந்தது. பதினொன்று முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் அந்த நசுங்கிய ஜோடியைக் காட்டி, இதைப் பார்ப்பாயா என்று கேட்டார். பார்க்கிறேன், ஆனால் முழுசாக ஒரு மணி நேரம் மூடி வைக்க வேண்டும் என்றாள். பீம்ராவே தண்ணீர் காய்ச்சி ஊற்றினான். சுப்புராஜ் மாதவரத்துக்குப் போன் போட்டு இடத்தை ரத்து செய்தான். அந்த ஒரு மணி நேரம் யார்டில் யாரும் பேசவில்லை. நெருப்பும் அணைந்தே கிடந்தது. ரப்பர் கொளுத்துகிறவனை வாட்ச்மேன் போய் நிறுத்திவிட்டு வந்தார்.

கார்குழலி ஏணியில் ஏறினாள். கண்ணை மூடவில்லை, நெற்றியைச் சுருக்கவில்லை. மூடியைத் திறந்து, கையால் ஆவியை முகத்துக்கு விசிறிப் பார்த்தாள். உள்ளே தலையை விட்டாள். வெளியே எடுத்தாள். அடிவால்வு ரப்பரை விரலால் தேய்த்து விரலை முகர்ந்தாள். பக்கத்து டேங்கிலும் ஏறி அதேபோல் பார்த்தாள். பீம்ராவ் ஏணியைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான்.

"புளிச்ச தயிரு. வேற ஒண்ணும் இல்ல. ரப்பர மட்டும் கழட்டிப் போட்டுட்டு புச்சு போட்டுக்கோ தம்பி."

சுப்புராஜ் நசுங்கல்களைப் பார்த்தான். தட்டை அடியைப் பார்த்தான். கூம்பு இல்லாமல் ஈஸ்ட்டை எப்படி எடுப்பது என்ற கவலை அவன் முகத்தில் இருந்தது. முன்பின் தெரியாத ஒரு சத்துணவு ஆயா சொல்வதை நம்பி நாலு பேர் பிழைப்பை வைப்பதா என்ற கவலையும் இருந்தது. வண்டி திரும்பியதிலிருந்து பீம்ராவை நிமிர்ந்தே பார்க்காதவன், என்ன தோன்றியதோ, அவன் பக்கம் திரும்பினான்.

"நீங்க இன்னாண்ணா சொல்றீங்க?"

கட்டிங் ஆட்கள் பார்த்தார்கள். பாய் பார்த்தார். வீட்டில் 'ந்தா' என்றும், வெளியே 'அது' என்றும், கோபத்தில் வேறு என்னென்னவோ என்றும்தான் இருபத்திரண்டு வருஷமாக அவளை அவன் கூப்பிட்டு வந்தான்.

"அவங்க சொன்னா சரி" என்றான் பீம்ராவ்.

கார்குழலி ஏணியின் நடுப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். அவன் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவான், அதனால் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.